அம்மாவோட நீர் மாத்திரையும் அஞ்சரை மணி ஜீப்பும்

எங்கம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற ஆளு. கம்பத்துல காலையில அஞ்சரைக்கு ஜீப் கெளம்பும், கம்பம்மெட்டு ஏறி கேரளா செக்போஸ்ட் தாண்டி வண்டன்மேட்டுக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்துல கொண்டுபோய் எறக்கி விடுவாங்க, சாயங்காலம் அதே ஜீப்புல திரும்ப வரணும். பத்து பேரு ஒக்கார்ற எடத்துல பதினாறு பேரு, மடியில தூக்குவாளி, காலுக்கடியில மழைக்காகிதம், இருவது வருசத்துக்கு மேல இதான் பொழப்பு. ஜீப்ப பத்தி ஏன் இவ்ளோ சொல்றேன்னா அம்மாவோட பிரஷர் மாத்திரை இந்த ஜீப்புல தான் மாட்டிக்கிட்டு கெடந்துச்சு, அது எனக்கே ரொம்ப நாளா தெரியல. இத்தனைக்கும் நான் டி.ஃபார்ம் படிச்சுட்டு மெடிக்கல்ல வேல பாக்குறவ, தெனம் அம்பது பேருக்கு "விடாம போடுங்க"ன்னு சொல்லி கவர்ல போட்டுக் குடுக்குறவ.

அம்மாவுக்கு மொதல்ல அம்லோடிபின் மட்டும் தான். அப்புறம் அது பத்தலன்னு டாக்டர் குளோர்தாலிடோன் ஒன்னு சேத்தாரு, ஒடம்புல உள்ள உப்பையும் தண்ணியையும் ஒன்னுக்கா வெளியேத்துறது, நம்ம ஆளுக நீர் மாத்திரைன்னு சொல்லுவாங்கள்ல அது. சேத்தும் பிரஷர் எறங்கவே இல்ல. உப்பக் கொறைன்னேன், கருவாட்ட நிப்பாட்டுன்னேன், அம்மாவும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பாட்டுச்சு, அப்பவும் மேல 160க்கு கொறையல. ஒரு நா சாமி அலமாரிய தொடைக்கும்போது பழைய பவுடர் டப்பாவுக்குள்ள அட்டை அட்டையா இருக்கு.

"ஏம்மா, இது தை மாசத்து அட்டையில்ல, முழுசா இருக்கு?"

"போடுறேன்த்தா. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம போட்டுர்றேன்."

"அது என்ன ஞாயித்துக்கெழம மட்டும்?"

"அன்னைக்குத் தான வீட்ல கெடக்கேன்."

எனக்கு சட்டுன்னு புரியல. அப்புறம் அதுவே சொல்லுச்சு, மாத்திரைய போட்டுட்டு ஜீப்புல ஏறுனா மெட்டு ஏறி முடிக்கிறதுக்குள்ள முட்டிக்கிட்டு வருது, ஆம்பளைங்க இருக்குற வண்டிய நிப்பாட்டச் சொல்லவா முடியும், தோட்டத்துலயும் ஒதுங்குறதுக்கு ஒரு எடம் கெடையாது, ஏலத் தட்டைக்குள்ள போனா அட்டைப்பூச்சி கடிக்கும், பாம்பு கெடக்கும், கங்காணி வேற எங்க போனன்னு கேப்பாரு. அதனால நீர் மாத்திரைய மட்டும் இல்ல, தண்ணி குடிக்கிறதையே கொறச்சிருக்கு. கூட வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு இப்படித்தானாம். மருந்து ஒழுங்கா போடாதவங்கன்னு சீட்டுல எழுதுற எந்த டாக்டரும் ஜீப்புல எத்தன மணிக்கு ஏறுறீங்கன்னு கேட்டதில்ல, நானும் கேக்கல, பெத்த பொண்ணு.

இதுல கொடும என்னன்னா அந்த மாத்திரை லேசுப்பட்ட மாத்திரை இல்ல. 2002ல ஆல்ஹாட்னு ஒரு பெரிய ஆராய்ச்சியோட முடிவு வந்துச்சு, அமெரிக்கா பக்கம் பிரஷர் உள்ள 55 வயசுக்கு மேல 33,357 பேர மூணு கூட்டமா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு இந்த குளோர்தாலிடோன், ஒன்னுக்கு அம்லோடிபின், ஒன்னுக்கு லிசினோப்ரில்னு இன்னொரு பிரஷர் மாத்திரைய குடுத்து வருசக்கணக்கா பாத்தாங்க. புது மருந்து தான் ஜெயிக்கும்னு நெனச்சவங்க நெறையா. கடைசில ஹார்ட் அட்டாக்க தடுக்குறதுல மூணும் ஒன்னு தான்னு வந்துச்சு, இதய செயலிழப்புல அம்லோடிபின விட இந்தப் பழைய சல்லிசான நீர் மாத்திரை தான் நல்லா இருந்துச்சு. இன்னொரு விசயம், இத போட ஆரம்பிச்ச மொத சில வாரம் தான் ஒன்னுக்கு அதிகமா போகும், விடாம போட்டா அது கொறஞ்சிரும், பிரஷர் மட்டும் எறங்குனபடியே நிக்கும். ஏன்னா போகப் போக ரத்தக் கொழாயே கொஞ்சம் தளந்து குடுக்குது. எங்கம்மா ஞாயித்துக்கெழமைக்கு ஒன்னுன்னு போட்டதால வாரா வாரம் மொத நாளாவே இருந்திருக்கு. தொல்லை முழுசும் பட்டுக்கிட்டு பலன் துளி கூட இல்லாம.

சரி அப்ப ராத்திரி போடலாமான்னு கேப்பீங்க. இதுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கு. 2019ல ஸ்பெயின்ல இருந்து ஹைஜியான்னு ஒரு ஆய்வு, 19,084 பேர், படுக்கும்போது மாத்திரை போட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக் ஸ்ட்ரோக் எல்லாம் 45 சதவீதம் கொறஞ்சுச்சுன்னு சொல்லிட்டாங்க, வாட்ஸப்ல அப்ப இத அனுப்பாத குரூப்பே கெடையாது, கடைக்கு வந்து "ராத்திரி தான் போடணுமாமே"ன்னு கேட்டவங்களுக்கு நானும் ஆமான்னு தலையாட்டிருக்கேன். ஒரே மாத்திரை, நேரத்த மாத்துனதுக்கு மட்டும் இவ்ளோ பலனான்னு துறையில இருக்குறவங்களே சந்தேகம் கெளப்புனாங்க. அப்புறம் 2022ல பிரிட்டன்ல டைம்னு ஒரு ஆய்வு வந்துச்சு. 21,104 பேரு, பாதிப் பேரு காலையில பாதிப் பேரு சாயங்காலம், அஞ்சு வருசத்துக்கு மேல பாத்தாங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், அதுல சாவு எல்லாம் சேத்து சாயங்காலக் கூட்டத்துல 3.4 சதவீதம், காலைக் கூட்டத்துல 3.7 சதவீதம், அதாவது வித்தியாசம்னு சொல்ற அளவுக்கு ஒன்னும் இல்ல. எப்ப போட்டா ஒனக்கு மறக்காதோ, எப்ப போட்டா தொந்தரவு இல்லையோ அப்ப போடு, அவ்ளோதான்.

இந்த முடிவு வந்தப்ப ஒன்னுமே கண்டுபிடிக்கலப்பான்னு தான் நெனச்சேன். ஆனா எங்கம்மா கதைக்கு அது எவ்ளோ பெரிய விசயம் பாருங்க. நான் டாக்டர்கிட்ட போய் ஜீப்பு கதைய சொன்னேன், அவரு ஒரு நிமிசம் பேனாவ கீழ வச்சுட்டு "ஏம்மா இத முன்னாடியே சொல்லக்கூடாதா"ன்னாரு, சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஒடனே ஆறு, ஆறரைக்குப் போடட்டும், படுக்குறதுக்குள்ள போக வேண்டியதெல்லாம் போயிரும், ராத்திரி எந்திரிக்க வேண்டாம்னு சொல்லி சோடியம் பொட்டாசியம் டெஸ்ட் ஒன்னும் எழுதிக் குடுத்தாரு. (நீங்களா நேரத்த மாத்தாதீங்க, சுகர் மாத்திரையோட சேத்துப் போடுறவங்க கேட்டுட்டு செய்யுங்க.) ரெண்டு மாசத்துல மேல 160 இருந்தது 138க்கு வந்துச்சு. மருந்து மாறல, அளவு மாறல.

அந்த 160ம் எவ்ளோ நெசம்னு எனக்கு இப்ப ஒரு சந்தேகம் இருக்கு, அதையும் சொல்லிர்றேன். அங்கிட்டு தோட்டத்துப் பக்கம் ஒரு தடவ கேம்ப் போட்டாங்க, அம்மா வேல முடிஞ்சு ஓட்டமா வந்து வரிசையில நின்னு, நாள் பூரா அடக்குன ஒன்னுக்கோட ஸ்டூல்ல ஒக்காந்து, கைய தொங்கப் போட்டுக்கிட்டு, பக்கத்துல ஒக்காந்தவங்கக்கூட பேசிக்கிட்டே பாத்திருக்கு. 178க்கு 100. அந்த மலையாள சிஸ்டர் "ப்ரஷர் கூடுதலாணல்லோ சேச்சி"ன்னதும் அம்மாவுக்கு பயத்துலயே இன்னும் பத்து ஏறியிருக்கும். எங்க பெரியம்மா தோட்டத்து ஸ்டோர்ல வச்சுத்தான் வாதம் வந்து விழுந்துச்சு, அந்த பயம் வீட்ல எல்லாருக்கும் உண்டு. ஆனா பாருங்க, 2024ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 133 பேர வச்சு கைய எங்க வச்சா எவ்ளோ காட்டுதுன்னே ஒரு ஆய்வு பண்ணாங்க, மேசை மேல நெஞ்சு ஒயரத்துக்கு வச்சு பாக்குறத விட மடியில வச்சா கிட்டத்தட்ட 4, சும்மா தொங்கப் போட்டா 6.5 கூடக் காட்டுதாம். முட்டிக்கிட்டு இருந்தாலும் ஏத்திக் காட்டும், பேசுனாலும் ஏத்திக் காட்டும். மேல உள்ள நம்பர 120க்கு கீழ கொண்டு வந்தா நல்லதுன்னு ஸ்பிரின்ட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, அதுல பெரும்பாலும் ஆள அஞ்சு நிமிசம் சும்மா ஒக்கார வச்சுட்டு மெசினே தானா அளக்குற மாதிரி பாத்தாங்க. அவங்க 120உம் நம்ம கேம்ப் 120உம் ஒன்னு கெடையாது.

அதுக்காக மெசின் பொய்யின்னு மாத்திரைய விட்டுறாதீங்க, அப்படி விட்டவங்கள நான் கடையில பாத்துருக்கேன். வீட்ல ஒரு மெசின் வாங்கி காலையில ரெண்டு தடவ, சாயங்காலம் ரெண்டு தடவ, ஒரு வாரம் எழுதுங்க, மொத நாள் கணக்க தூக்கிப் போட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி பாருங்க. ஆஸ்பத்திரியில 140க்கு 90ன்னா வீட்ல 135க்கு 85 தான் எல்லை.

அப்புறம் ஒடம்பு வலி மாத்திரை. இத எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. காய் எடுப்பு சீசன்ல நாள் பூரா குனிஞ்சே கெடக்குறதால இடுப்பு விட்டுப் போகும், ஜீப்புல இருந்து எறங்குன கையோட கடைக்கு வந்து "அந்த மஞ்ச மாத்திரை ரெண்டு குடுத்தா"ன்னு தான் நிப்பாங்க. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைக ஒடம்புல உப்பையும் தண்ணியையும் நிப்பாட்டி வைக்கும், நீர் மாத்திரை வெளியேத்துறத இது புடிச்சு வைக்கும், அப்ப பிரஷர் எங்கிட்டு எறங்கும். நீர் மாத்திரையோட எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை பிரஷர் மாத்திரையும் போடுறவங்க தெனம் இதையும் முழுங்குனா கிட்னிக்கு நேரா அடி, அதுலயும் தண்ணி குடிக்காம இருந்தா கேக்கவே வேணாம். நான் இப்ப சீட்டு இல்லாம குடுக்குறதில்ல. அதுக்காக எங்க மொதலாளிகிட்ட வாங்குன பேச்சு தனி.

எனலாப்ரில்னதும் ஞாபகம் வருது, மேலத்தெரு சித்தி ஒன்னு, அதுவும் அம்மா ஜீப்பு தான், ஆறு மாசமா வறட்டு இருமல். ஏலக்காய்க்கு அடிக்கிற மருந்து ஒத்துக்கலன்னாங்க, சளிப் பரிசோதனை எடுத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒன்னும் இல்ல. சீட்ட வாங்கிப் பாத்தா எனலாப்ரில். அந்த மருந்தோட வேலையே அப்படி. பிரேசில்ல ஜரராக்கான்னு ஒரு விரியன் பாம்பு, அது கடிச்சா ஆளுக்கு பிரஷர் தடால்னு விழுந்துரும். ஃபெரைரான்னு அந்த ஊர் விஞ்ஞானி 1960கள்ல அந்த வெசத்த ஆராய்ஞ்சு, ஒடம்புல பிராடிகைனின்னு ஒரு சமாச்சாரம் அழியாம அது நிப்பாட்டுதுன்னு கண்டுபுடிச்சாரு. அதப் பாத்து செஞ்சது தான் கேப்டோப்ரில், 1981ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, எனலாப்ரில் அதுக்குத் தம்பி. அந்த பிராடிகைனின் நுரையீரல் பக்கம் சேந்துக்கிட்டா தான் இந்த இருமல். டாக்டர்கிட்ட அனுப்பி டெல்மிசார்டனுக்கு மாத்துனதும் மூணு வாரத்துல நின்னுருச்சு. கத தெரிஞ்சதும் சித்தி கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி, "தோட்டத்துல பாம்புக்கு பயந்து செருப்பு போட்டுட்டுப் போறேன், நீங்க அதையே அட்டையில அடைச்சுக் குடுத்துருக்கீக?"

இப்ப ஞாயித்துக்கெழம காலையில எங்க வீட்டுத் திண்ணை ஒரு சின்ன ஆஸ்பத்திரி தான். ஜீப்பு பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வருவாங்க, அம்மா தான் மேஸ்திரி, "பேசாத, அஞ்சு நிமிசம் சாஞ்சு ஒக்காரு, மொதல்ல போய் ஒன்னுக்கு இருந்துட்டு வா"ன்னு அதட்டிக்கிட்டே இருக்கும், கைக்கு அடியில வைக்க தலகாணி ஒன்னு, நம்பர காலண்டர் பின்னாடி எழுதுறது என் தம்பி மக.

போன மாசம் ஜீப் டிரைவர் அண்ணனும் வந்தாரு. கை ஒவ்வொன்னும் எங்க வீட்டு தூண் சைசு. மெசினோட கைப்பட்டை சுத்தவே மாட்டேங்குது, இழுத்துப் புடிச்சு ஒட்டிப் பாத்தா 168க்கு 104. 2023ல இதுக்கும் ஒரு ஆய்வு உண்டு, ரொம்பப் பெரிய பட்டை தேவைப்படுற கைக்கு சாதா பட்டை சுத்துனா மேல உள்ள நம்பர் கிட்டத்தட்ட 20 கூடக் காட்டுதாம், அதனால அந்த 168 நெசமா இல்ல பட்டையோட வேலையான்னு சொல்ல முடியாது, அவரு முன்னாடி பாத்ததே இல்ல வேற. பெரிய பட்டை ஆர்டர் போட்டு வந்துருச்சு, கவர் கூட பிரிக்காம மேசையில கெடக்கு. ஃபோன் பண்ணா "சபரிமல சீசன் முடியட்டும் பாப்பா, குமுளி ரோட்டுல வண்டி நவுற மாட்டேங்குது, இப்ப எங்கிட்டு வர்றது"ங்குறாரு. தெனம் காலையில அஞ்சரைக்கு எங்கம்மாவையும் சேத்து பதினாறு பேர ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுறவரு அவரு தான்.