'வேண்டாம்' என்றவரிடம் மறுபடி கேட்காத பாப்அப்

ஐபோனில் ஒருமுறை மூடிய பாப்அப் இப்போது மூடியபடியே இருக்கிறது! ஐபோனின் பிரவுசரான சஃபாரியோடு நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து முடிந்தது என்று துணிந்து எழுதுகிறேன்.

என் மாடித்தோட்டத் தளத்திலிருந்து ஒவ்வொரு விதைப்புப் பட்டத்துக்கும் முன்னால் ஒரு மின்னஞ்சல் மடல் போகும். எந்த விதை, எந்தப் பையில், எப்போது நாற்று மாற்றுவது என்பதுதான் விஷயம். அதற்கு முகவரி சேர்க்கவே இந்தப் பாப்அப் பெட்டி. எப்போது எழுவது, எவ்வளவு இடம் அடைப்பது என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. பக்கம் திறந்ததும் எழாது. அது சாப்பிட உட்கார்ந்தவரிடம் இலை போடும் முன்பே மொய் கேட்பது போன்றது. கட்டுரையின் கடைசிப் பத்திக்கு மேல் ஒரு வெற்று டிவ் (கண்ணுக்குத் தெரியாத காலிக் கட்டம்), அது திரைக்குள் வந்ததும் இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற பிரவுசர் வசதி சொல்லும், அடியில் ஒரு பட்டை எழும்பும். பின்னால் இருக்கும் பக்கம் உறையாது, தொடர்ந்து படிக்கலாம். கைபேசியில் உள்ளடக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் பெட்டிகளைக் கூகுள் 2017 ஜனவரி முதல் தேடல் வரிசையில் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்பதால் மட்டுமல்ல. எனக்கே அவற்றைக் கண்டால் ஆகாது. மவுஸ் மேல் விளிம்பைத் தாண்டும்போது எழுகிற 'போகாதீர்கள்' வகைப் பெட்டியையும் வைக்கவில்லை. என் வாசகர்களில் பெரும்பாலோர் மாடியில் நின்றுகொண்டு கைபேசியில் படிப்பவர்கள். மவுஸுக்கு எங்கே போவது? மூடும் பொத்தான் 48 பிக்சல். மண் ஒட்டிய கட்டைவிரலுக்கு அதற்குக் குறைந்தால் சரிப்படாது.

தொல்லை தந்தது நினைவு. ஒருவர் மூடிவிட்டார் என்றால் அதை எங்கே குறித்து வைப்பது?

எல்லாரும் செய்வதுபோல லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசருக்குள்ளேயே தளத்துக்கென இருக்கும் சேமிப்பில், ஒரு வரி. ஆண்ட்ராய்டில் கச்சிதம். ஐபோன்காரர்களிடமிருந்துதான் மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. 'ஆடிப்பட்டத்தின்போதே மூடினேனே, மறுபடி ஏன் கேட்கிறீர்கள்?' என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. சஃபாரி 2020 முதல், ஒரு தளத்தைத் தொடாமல் ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால் அந்தத் தளத்தின் நிரல் எழுதிவைத்த சேமிப்பை எல்லாம் துடைத்துவிடுகிறது. விளம்பர உளவாளிகளைத் துரத்தக் கொண்டுவந்த ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாராவாரம் வருகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆடியில் வந்து, பிறகு தையில் எட்டிப்பார்க்கும் தோட்டக்காரருக்கு ஒவ்வொரு முறையும் பெட்டி புதிதாகப் பல்லிளிக்கும். என் தளத்துக்கு வருகிறவர்களோ எல்லாரும் பருவத்துக்குப் பருவம் வருகிறவர்கள்!

பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் குக்கி (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) வைத்தாலும் அதே ஏழு நாள் கெடுதான். சர்வர் தன் பதிலோடு அனுப்பும் குக்கிக்கு அந்தக் கெடு இல்லை. ஆகவே மூடும் பொத்தானை அழுத்தினால் சர்வரில் உள்ள ஒரு சின்ன பிஎச்பி நிரல் கோப்புக்குச் செய்தி போகும், அது 180 நாள் ஆயுளோடு குக்கியைத் திருப்பி அனுப்பும் என்று அமைத்தேன். குக்கியில் ஆளை அடையாளம் காட்டும் எதுவும் கிடையாது. 'மூடினார்' என்ற ஒற்றைச் சொல்தான்.

ஐபோனை மேக்கில் இணைத்து சஃபாரியின் சோதனைக் கருவியான இன்ஸ்பெக்டரில் பார்த்தால், காலாவதி தேதி மறுபடியும் ஏழே நாள்! இதற்கு விடை கண்டுபிடிக்கத்தான் இரவுகள் போயின. என் பக்கங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன, பிஎச்பி கோப்போ தளப் பெயரின் கிளையான துணை டொமைனில் வேறொரு மலிவு சர்வரில். சஃபாரி 16.4 முதல், குக்கி அனுப்பும் சர்வரின் ஐபி என்னும் எண் முகவரியில் முதல் பாதி தளத்தின் முகவரியோடு பொருந்தாவிட்டால் அந்தக் குக்கிக்கும் ஏழு நாள் கெடு வைத்துவிடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, வீடும் ஒரே தெருவில் இருக்க வேண்டுமாம். பிஎச்பியைத் தளம் இருக்கும் சர்வருக்கே தூக்கிவந்தேன். இன்ஸ்பெக்டரில் 180 நாள் முழுதாகத் தெரிந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்கள். குரோமில் குக்கி ஆயுளுக்கு 400 நாள் உச்சவரம்பு உண்டு. ஒரு வருடத்துக்குமேல் யாரையும் நினைவில் வைக்கும் எண்ணம் எனக்கில்லாததால் அது இடிக்கவில்லை.

180 ஏன் என்றால், ஆடியில் மூடியவரிடம் தைப்பட்டத்தின்போது ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. அதற்குள் தோட்டத்தில் அவருக்கு ஆர்வம் கூடியிருக்கலாம். இரண்டாம் முறையும் மூடினால் அதே குக்கி மறுபடி 180 நாளுக்கு வரும். பிறகு அந்தக் குக்கியின் ஆயுள் தீரும்வரை நான் வாய்திறக்க மாட்டேன். பட்டையின் 'வேண்டாம்' பொத்தானில் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். 'எனக்குச் செடி வளர்க்கப் பிடிக்காது' என்று எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார், வேடிக்கையாக இருக்குமாம். வாசகரை வெட்கப்படவைத்து ஒப்புதல் வாங்கும் அந்த உத்தி, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகள் பட்டியலிலேயே இருக்கிறது. விடாமல் நச்சரிப்பதும் அதே பட்டியலில் உண்டு. அவை கடைகளுக்கான விதிகள், இலவச மடல் அனுப்பும் என்னை யாரும் தேடிவரப் போவதில்லை. இருந்தாலும் அந்தப் பட்டியல் நல்ல கைவிளக்கு.

இப்போது என் சந்தாதாரர் பட்டியல் முன்னைவிட மெதுவாகத்தான் நீள்கிறது. சேருகிறவர்கள் மடலைத் திறக்கிறார்கள், பதில் எழுதுகிறார்கள், வெண்டையில் மாவுப்பூச்சி என்று படம் அனுப்புகிறார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சொடுக்கிய பிறகே பெயரைச் சேர்ப்பதால் குப்பை முகவரிகளும் இல்லை. முகவரிப் பெட்டியின் எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஐபோன் தட்டச்சு செய்யும்போது பக்கத்தையே பெரிதாக்கி இழுத்துப் போய்விடும், மூடும் பொத்தான் திரைக்கு வெளியே போகும்.

மடல் அனுப்பும் சேவையை மாற்றும் யோசனையும் ஓடுகிறது. இப்போதிருப்பது இலவசத் திட்டத்தின் எல்லையைச் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்தது. கைலாஷ் நாத் உருவாக்கிய 'லிஸ்ட்மாங்க்' மடல் பட்டியலை நடத்தும் கட்டற்ற மென்பொருள், ஒரே கோப்பு, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இருந்தால் போதும். அனுப்புவதற்கு அமேசானின் மின்னஞ்சல் சேவையான எஸ்இஎஸ் வைத்தால் ஆயிரம் மடலுக்குப் பத்து சென்ட். மலிவுதான். ஆனால் மடல் என் பெயரில் வேறு யாரும் அனுப்பியதல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனில் நானே வரிசையாகப் போட வேண்டும். 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது. தக்காளி நாற்று எடுத்து வைத்த பிறகு பார்க்கலாம்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை. ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவர் மடலிலிருந்து சொடுக்கி வந்தால் அவரிடம் பட்டை எழக் கூடாது. மடலின் இணைப்புகளில் ஒரு குறி சேர்த்து, அது இருந்தால் அதே குக்கியை வைத்துவிடுகிறேன். அந்த இணைப்பை அவர் அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திறக்கும் புதியவரும் சந்தாதாரர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். எனக்கு வேண்டியவரே அந்தப் புதியவர்தான். பக்கம் திறந்ததும் ரிப்ளேஸ்ஸ்டேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை வைத்து முகவரியிலிருந்து குறியைத் துடைத்துவிட்டேன், இப்போது முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுப்பவர்களுக்குச் சுத்தமான இணைப்பு கிடைக்கிறது. மடலையே அப்படியே ஃபார்வர்ட் செய்பவர்களுக்குத்தான் வழி பிடிபடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் குறி கொடுத்துப் பின்தொடர எனக்கு மனமில்லை. அதில்லாமல் யாராவது இதைச் சாதித்திருந்தால் எப்படியென்று எழுதுங்கள், தைப்பட்ட மடல் போவதற்குள் மாற்றிவிடுகிறேன்.