சிமெண்டுத் தரையும் செம்மண்ணும்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பன்றிக் கொட்டகை போட்டபோது, ஊரார் முகம் சுளிக்கக் கூடாது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. சாக்கடையோரம் திரியும் பன்றியையே பார்த்துப் பழகியவர்களுக்கு, வெள்ளை யார்க்‌ஷயர் பன்றியை அடைத்துவைத்துத் தீனி போட்டுக் கறிக்காக வளர்ப்பது புதிது. ஆகவே சிமெண்டுத் தரை போட்டு, நானும் என் மனைவியும் இரண்டு வேளையும் கழுவிவிட்டோம். ஒரு பிடி மண்கூட உள்ளே கிடக்காது.

முதல் தாய்ப்பன்றி 114 நாள் சினை முடிந்து பத்துக் குட்டிகள் ஈன்றது. தாய் படுக்கும்போது குட்டி நசுங்காமலிருக்கச் சுவரோரம் இரும்புக் குழாய் பதித்திருந்தோம். கதகதப்புக்காக இரவெல்லாம் பல்பு எரிந்தது. எல்லாம் சரியாகவே நடந்தது. மூன்றாம் வாரம், இருந்தவற்றிலேயே கொழுத்த குட்டி விலா துடிக்க மூச்சு வாங்கிச் செத்தது. இரண்டு நாள் கழித்து அதற்கடுத்த கொழுத்த குட்டியும் போயிற்று. தீனியில் விஷம் கலந்துவிட்டதோ என்று பயந்து மருத்துவரை அழைத்தேன்.

அவர் மீதிக் குட்டிகளில் ஒன்றைத் தூக்கி, அதன் காதை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய காது காகிதம்போல் வெளுத்திருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தச்சோகை என்றார். குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. தாய்ப்பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவுதான். வெளியே திரியும் குட்டி மண்ணைக் கிளறி மீதியைத் தேடிக்கொள்ளும். வேகமாக வளரும் குட்டிக்குத் தேவையும் அதிகம் என்பதால், கொழுத்ததே முதலில் விழுகிறது. நான் பெருமையோடு கழுவிய தரைதான் அவற்றைக் கொன்றது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது.

இப்போது நான்காம் நாளும் பதினான்காம் நாளும் இரும்புச்சத்து ஊசி போடுகிறோம். அத்துடன், நாட்டுப்பன்றி வளர்த்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “குட்டிக்குக் கொஞ்சம் மண்ணைக் காட்டுப்பா” என்று சொன்னபடி, பன்றி கால் படாத மேட்டிலிருந்து செம்மண் கட்டி கொண்டுவந்து மூலையில் போடுகிறேன். பால் குடித்த கையோடு அவை ஓடிவந்து, மூக்கால் கட்டியை உருட்டி உடைத்து, உதடு சிவக்க நக்குவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிடுவேன்.

சுத்தம் உண்மையில் வேண்டிய இடம் அடுப்படிதான். மதுரை ஓட்டல்களிலிருந்து வரும் மிச்சச் சோற்றில் பிளாஸ்டிக் உறையையும் ஊறுகாயையும் பொறுக்கிவிட்டு, கொதி வந்தபின் அரை மணி நேரம் வேகவைக்காமல் ஒரு வாய்கூடப் போடுவதில்லை. 2020இல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்த செய்திக்குப் பிறகு இதில் இன்னும் கண்டிப்பாகிவிட்டேன். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு நோய்; நம் நாட்டுப் பண்ணைகளில் வழக்கமாகப் போட்டுவரும் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி அதைத் தடுக்காது. அந்தக் கிருமியோ வேகாத கறித்துண்டில் நெடுநாள் உயிரோடிருக்கும்.

வேறொரு பண்ணையைப் பார்த்துவிட்டு அதே செருப்போடு வந்த என் மச்சானைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தினேன். கை கால் கழுவி, வேறு செருப்பு மாட்டிக்கொண்டு வரச் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். தீபாவளிக்கு நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் செய்தேன். மறுமாதம் வந்தபோது, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.