நரி பேசாத நான்கு நிமிடங்கள்

7 மார்ச், சனிக்கிழமை

வானொலித் திசைகாணல் போட்டியை எங்கள் வட்டத்தில் நரி வேட்டை என்றே சொல்கிறோம். காட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்ட ஐந்து சிறு ஒலிபரப்பிகளே நரிகள். கையில் திசை உணரும் வானொலிப்பெட்டியும் வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கொண்டு, தத்தம் வயதுப் பிரிவுக்குரிய நரிகளைக் கண்டுபிடித்து, குறித்த நேரத்துக்குள் இறுதிக் கோட்டை அடைய வேண்டும். யார் அதிக நரிகளைப் பிடித்தார் என்பதை முதலில் பார்ப்பார்கள். ஓடிய நேரம் அதன் பிறகுதான். முதல் உலகப் போட்டி 1980இல் போலந்தில் நடந்தது. ஆசிய பசிபிக் நாடுகளை உள்ளடக்கிய மூன்றாம் வட்டாரத்தின் முதல் போட்டி 1993இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் நடந்தது. அந்த வட்டாரப் போட்டிக்குத்தான், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஓடுவதற்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன்.

நரிகளை மறைத்து வைப்பவர் என் தாய்மாமா. அவர் உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர். முதல் நரி தொடக்க இடத்திலிருந்து குறைந்தது 750 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ஒரு நரிக்கும் இன்னொரு நரிக்கும் இடையே குறைந்தது 400 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதிகளைப் பயிற்சியிலும் அவர் தளர்த்துவதில்லை. அது எனக்கு நல்லதே.

8 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோட்டத்தில் அறுவடை நடக்காத பகுதியில் இன்று தூரம் கணிக்கும் பயிற்சி செய்தேன். செம்பனையைப் பொதுவாக ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுகிறார்கள். ஆகவே நிரையோடு ஓடும்போது பதினொரு மரங்களைக் கடந்தால் நூறு மீட்டர் ஆகிவிடும். நிரையைக் குறுக்கே வெட்டிப் போனால் நிரைக்கு நிரை எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் ஒன்று விட்டு ஒரு நிரை இடைவெளியில் வெட்டிய மட்டைகளை முள்ளோடு அடுக்கி வைத்திருப்பதால், குறுக்கே போகும் நூறு மீட்டர் நிரையோடு போகும் நூறு மீட்டரைவிட மிக மெதுவாகவே கழிகிறது. வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் வழி தோட்டத்தில் விரைவான வழியாக இருப்பதில்லை.

போட்டி நடக்கும் காட்டில் யாரும் மரத்தை அளந்து நட்டிருக்க மாட்டார்கள். எனவே மரத்தை எண்ணும்போதே என் காலடியையும் எண்ணி, மேட்டிலும் பள்ளத்திலும் நூறு மீட்டருக்கு எத்தனை அடி என்பதை உடலுக்குப் பழக்கிக்கொள்கிறேன். தோட்டத்தை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துவது அந்த அளவுகோல் இல்லாத இடத்துக்காகத்தான்.

14 மார்ச், சனிக்கிழமை

இந்தப் போட்டியின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், நரி பேசாத நான்கு நிமிடங்களில் என்பேன். ஐந்து நரிகளும் ஒரே அலைவரிசையில், ஆளுக்கு ஒரு நிமிடமாக, முறை வைத்து மோர்ஸ் குறிகளை அனுப்புகின்றன. எம்.ஓ. என்ற இரண்டு எழுத்துகள் எல்லா நரிக்கும் பொது. அவற்றைத் தொடர்ந்து வரும் குறியில் முதல் நரிக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, இப்படியே ஐந்தாவதற்கு ஐந்து. மோர்ஸ் தெரியாதவரும் புள்ளியை எண்ணி இன்ன நரி என்று சொல்லிவிடலாம். ஒரு நரி தன் நிமிடம் முடிந்து அடங்கினால், அது மறுபடி வாய்திறக்க நான்கு நிமிடம் ஆகும்.

கிலோமீட்டருக்கு ஆறு நிமிட வேகத்தில் ஓடுபவர் அந்த நான்கு நிமிடத்தில் 660 மீட்டருக்கும் மேல் போய்விடுவார். திசையைக் கணித்ததில் ஐந்து பாகை பிசகியிருந்தால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 87 மீட்டர் விலகலாகிவிடும். அடர்ந்த காட்டில் அந்த விலகலோடு நரியைக் கண்ணால் பார்க்காமலே கடந்து போய்விடலாம். அதனால் முதல் திசை கிடைத்தவுடன் அதன்மேலேயே நேராக ஓடுவதைவிட, சற்றுப் பக்கவாட்டில் விலகி ஓடி, அடுத்த முறை அது பேசும்போது முதல் கோட்டைச் செங்கோணத்துக்கு நெருக்கமாக வெட்டும் இரண்டாவது கோட்டைப் பெறுவதே மேல் என்பது என் முடிவு. இரண்டு கோடுகளும் குறுகிய கோணத்தில் வெட்டினால், நரி இருக்கக்கூடிய பகுதி வரைபடத்தில் நீண்ட பட்டையாகி எதற்கும் உதவாமல் போகும். ஒரு நரி அடங்கியிருக்கும்போது மற்ற நான்கும் அடுத்தடுத்துப் பேசுவதால், ஓடும் வழியிலேயே அவற்றின் திசைகளையும் குறித்துக்கொண்டு போகலாம்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “நரி பேசும்போது நில்லு, பேசாதபோது ஓடு, அவ்வளவுதாம்மா” என்றார்.

“எந்தப் பக்கம் ஓடறதுன்னு சொல்லுங்க மாமா” என்றேன்.

“அதை நீ நிக்கும்போதே முடிவு பண்ணியிருக்கணும்.”

அவர் சொல்வது சரி. அந்த ஒரு நிமிடத்தில் திசையை எடுத்து, வரைபடத்தில் கோடு போட்டு, அடுத்து எங்கே நிற்கப்போகிறேன் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

17 மார்ச், செவ்வாய்க்கிழமை

இன்று திசைகாட்டியைப் பற்றி மட்டும். தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் மிகமிகக் குறைவு என்பதால், அதற்காகக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கென்று சமன்செய்யப்பட்ட ஊசி இங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறது, ஏனென்றால் அங்கே கீழ்நோக்கி இழுக்கும் காந்தப்புலம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கிறது. நம் வட்டாரத்துக்குச் சமன்செய்யப்பட்ட ஊசியை வாங்கிவிட்டேன்.

21 மார்ச், சனிக்கிழமை

80 மீட்டர் அலைவரிசையில், அதாவது 3.5 மெகாஹெர்ட்ஸில், பிற்பகல் பயிற்சி. இந்தப் பெட்டியில் ஒலி உரக்கக் கேட்கும் திசையை நம்புவதில்லை, ஏனென்றால் அந்த உச்சம் அகலமானது. ஒலி சட்டென்று மங்கும் திசையே கூர்மையாக இருக்கும். அந்த மங்கல் எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் வருவதால், நரி முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று அறிய, செங்குத்தான துணைக்கம்பியைப் பொத்தானை அழுத்தி இணைத்துப் பார்க்க வேண்டும்.

மழை இங்கே விழுவதற்கு வெகுநேரம் முன்பே, தொலைவில் வெட்டும் மின்னல் காதொலிப்பானில் படபடவென்று பொரிகிறது. அந்த இரைச்சல் வேறு திசையிலிருந்து வருவதால், நரியின் ஒலி மங்கும் கணத்தை அது நிரப்பிவிடுகிறது. பெட்டியைப் பலமுறை இப்படியும் அப்படியும் திருப்பி, மங்கல் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவைக் கணித்தால்தான் திசை தெளிகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களின் பிற்பகல் இதற்கு நல்ல பயிற்சிக் காலம். இரைச்சல் நெருங்கினால் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம், திறந்த வெளியில் மின்னலோடு விளையாடக் கூடாது. தோட்டத்தைக் கடக்கும் உயர் அழுத்த மின்கம்பிகளின் அருகிலும் திசை எடுப்பதில்லை, கம்பியே அலையை வாங்கித் திரும்ப வீசி திசையைத் திரித்துவிடும்.

22 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

2 மீட்டர் அலைவரிசையில், அதாவது 144 மெகாஹெர்ட்ஸில், பிரச்சினையே வேறு. இதில் மூன்று கிளை ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு ஒலி உச்சமாகும் திசையைத்தான் தேடுகிறோம். இந்த அலை பாறையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்புகிறது. செமோர் பக்கம் குனோங் கந்தான் சுண்ணாம்புக் குன்றைப் போன்ற செங்குத்தான பாறைமுகம் இருந்தால், நரி ஒரு பக்கமும் அதன் எதிரொலி இன்னொரு பக்கமும் கேட்கக்கூடும். இதற்கு மருந்து, தாழ்வில் நின்று எடுத்த திசையை மேட்டில் ஏறிச் சரிபார்ப்பதுதான். மழையில் நனைந்த இலைகள் ஒலியை வெகுவாகக் குறைப்பதால், ஒலி மெலிந்திருக்கிறது என்பதை வைத்து நரி தூரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது.

28 மார்ச், சனிக்கிழமை

தோட்டத்தின் எல்லையைத் தாண்டியுள்ள புதர்க்காட்டில் முழுப் பயிற்சி. நிரையும் இல்லை, மட்டை அடுக்கும் இல்லை; காலடியை எண்ணிப் பழகியது கைகொடுத்தது. நரியை நெருங்க நெருங்க ஒலி பெட்டியை நிரப்பிவிடுவதால், ஒலிக்குறைப்பானைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாத் திசையும் நரி இருக்கும் திசையாகவே கேட்கும்.

போட்டியன்று நடத்துபவர்கள் எங்கள் வானொலிப்பெட்டிகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தொடக்கப் பாதையின் முடிவில்தான் அவற்றை இயக்க முடியும். அங்கே ஐந்து நிமிடம் நின்று ஐந்து நரிகளின் திசையையும் எடுத்த பிறகே ஓடப்போகிறேன் என்றேன். ஐந்து நிமிடம் நிற்பது நஷ்டம், நடந்துகொண்டே எடு என்கிறார் மாமா. அருகில் மேடு தெரிந்தால் அவர் சொல்வதைக் கேட்பேன், அதை நோக்கி நடந்துகொண்டே திசைகளை எடுப்பேன். தெரியாவிட்டால் நின்றுவிடுவேன், நரிகளைத் தேடும் வரிசையைத் தப்பாக முடிவுசெய்து காட்டைக் குறுக்கே திரும்பி ஓடும் நேரம் அந்த ஐந்து நிமிடத்தைவிட அதிகம். அடுத்த சனிக்கிழமை இரண்டு முறையையும் ஒரே காட்டில், நரிகளின் இடத்தை மாற்றி வைத்து ஓடிப் பார்க்கலாம் என்று மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார்.