இமயமலை ஊசியிலைக் காடு: வனப்பணித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது

பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்துகொண்டு இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இமயமலைக் காடு வெறும் பெயர்ப்பட்டியல்தான். அப்படியே நெட்டுரு போட்டால் பரீட்சை ஹாலில் எல்லாம் கலந்துவிடும். மலைச்சரிவை வரைந்து, அதில் மரங்களை ஏற்றிப் படியுங்கள்.

முதலில் தொகுதி எண். இந்தியக் காடுகளை வகைபிரித்த 1968-இன் சாம்பியன், சேத் வகைப்பாட்டில் மொத்தம் 16 தொகுதிகள். இமயமலையின் ஈரமான மிதவெப்பக் காடு 12. நீலகிரிச் சோலை 11. சீர் பைன் 9, துணை வெப்பமண்டலம். நியோசா பைன் 13, இமயமலையின் வறண்ட மிதவெப்பக் காடு. மார்க் போவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

இனி 12-ஐ வரையுங்கள். சரிவின் அடியில் 1,500 மீட்டர், மேலே 3,300 என்று குறியுங்கள். அடியில் பான் ஓக். நடுவில் தேவதாரு, நீலப் பைன், மோரு ஓக். மேலே ஸ்ப்ரூஸ், சில்வர் ஃபிர், கர்சு ஓக். தேவதாரு 13-லும் வரும், அதனால் கூட நிற்கும் மரத்தையும் எழுதுங்கள்: பான், மோரு ஓக் என்றால் ஈரம், நியோசா என்றால் வறட்சி. கிழக்கு இமயமலைக்கு ட்சூகா (ஹெம்லாக் மரம்), அபிஸ் டென்சா (ஒரு ஃபிர் வகை) போதும்.

கேள்வியில் 'தாவரச் சமுதாயம்' என்றிருந்தால் மேலடுக்கு உயர மரங்களோடு நிறுத்தாதீர்கள். இடையில் மேப்பிள், குதிரைச் செஸ்ட்நட். புதரில் வைபர்னம், பெர்பெரிஸ், ரிங்கால் மூங்கில். தரையில் பெரணி, வயோலா, காட்டு ஸ்ட்ராபெர்ரி.

அடையாளத்துக்கு ஊசிகளை எண்ணுங்கள்: கொத்துக்கு சீர் பைனில் 3, நீலப் பைனில் 5. ஃபிர் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நின்று மரத்திலேயே உதிரும். ஸ்ப்ரூஸ் கூம்பு தொங்கும், முழுசாக விழும். நம்மூரில் ஒப்பிட்டுப் பார்க்க மீஞ்சூர் பக்கத்துச் சவுக்கை எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த 'ஊசி' இலையே இல்லை, கணுக்கணுவான பச்சைக் கிளை. இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல்பல்லாக இருப்பதுதான் இலை. சவுக்கு பூக்கும் தாவரம். கிறிஸ்துமஸுக்குத் தொட்டியில் விற்கும் அரவுகேரியா நிஜ ஊசியிலை மரம்தான், ஆனால் பூமியின் தென் அரைக்கோளத்துச் சரக்கு.

நன்றாக ஊறப்போட வேண்டியது ஃபிர், ஸ்ப்ரூஸ் இயற்கை மறுவளர்ச்சி (விதை விழுந்து தானாகவே புது மரம் எழுவது) ஏன் தவறுகிறது என்ற கேள்வி. 'மேய்ச்சல்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் அதிகம். குளிரில் சருகு மக்காமல் தடித்துக் கிடக்கிறது. விதை அதன்மேலேயே முளைக்கிறது, வேர் மண்ணைத் தொடுவதற்குள் அந்தச் சருகு காய்ந்துவிடுகிறது. சில மரங்களை வெட்டி மேல்விதானத்தைத் திறந்து வெளிச்சம் விட்டாலோ களை ஆளுயரம் எழும்பி நாற்றை அமுக்கும். நல்ல விதை வருஷமும் ஒழுங்காக வராது. இத்தனைக்கும் மேல் மேய்ச்சலும் சேர்கிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே பரிகாரத்தை எழுதுங்கள்: சருகை வாரி மண்ணைத் திறப்பது, களையெடுப்பு, மேய்ச்சலுக்கு அடைப்பு, நர்சரி நாற்று நடவு. நாற்று நடும் அளவுக்கு வளரவே சில வருஷம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.