பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டால் போதுமா?

என் டீசல் ஸ்விஃப்ட் 1,90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஆயில், ஃபில்டர் எல்லாம் 10,000-க்கு ஒருமுறை தவறாமல் மாற்றிவரும் வண்டி. அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கடைசி சர்வீஸ் பில்லில் 'பிரேக் ஆயில் டாப்-அப்' என்று ஒரு வரி. பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் போல ஓட ஓடக் குறைவதில்லை. ஒன்று எங்கோ கசிய வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்து, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்த அளவுக்கு பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். அந்த இறக்கம்தான் எச்சரிக்கை. காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பி, 'பிரேக் ஓகே' என்று டிக் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரிலேயே இறங்கியும் முன் இடது சக்கரம் கீச்சிட ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தால் அந்த ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது. குழந்தைகள் பின் சீட்டில்.

அதே சர்வீஸ் சென்டரில், "டிஸ்க், காலிப்பர், பேட் எல்லாமே மாத்தணும் சார்" என்றார்கள். டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேட்டேன். அளக்கவே இல்லை!

வண்டியை நாமக்கல்லில் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் சக்கரத்தைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிப் பேட் பாதி இருக்கிறது, உள் பேட் அட்டை போல ஆகிவிட்டது. காலிப்பர் நகர்வதற்கான கம்பி (pin) துருப்பிடித்து இறுகியதுதான் காரணம். வெளிப் பேடை மட்டும் எட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து ஒப்பிட்டார். தாராளமாக இருந்தது. அந்தக் கம்பியைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவி, ரப்பரை மாற்றினார். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.

பேட் வாங்கப் போகும்போது பழைய பேடைக் கையோடு கொண்டுபோங்கள். மாடலும் வருஷமும் சொன்னதற்குக் கடையில் வேறு பேடைத் தந்துவிட்டார்கள், ஒரு மதியம் வீணாயிற்று.

புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, டாப்-அப் செய்த ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். அவர் முதலிலேயே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். ஈரத்தை இழுக்கும் ஆயில் என்பதால் பழையதை முழுக்க இறக்கிப் புதிது ஊற்றச் சொன்னேன். பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்; அதன் லைனிங்கில் (பேட் போலத் தேயும் பட்டை) குறையில்லை.

மொத்தச் செலவு சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் கால்வாசிகூட வரவில்லை. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும்.