தகரக் கூரையில் பெய்த மழை
அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பாட்டுச் சங்கங்களைப் பற்றி இரண்டு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1835ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கப்பட்ட ஆண்கள் பாடகர் குழுவையே இவற்றுள் முதலாவதாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே பால்டிமோரிலும் ஒன்று உருவானது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள் வந்து சேர்ந்ததும் இச்சங்கங்கள் பெருகின. 1849இல் சின்சினாட்டியில், பல ஊர்க் குழுக்கள் ஒன்றுகூடிப் பாடும் 'செங்கர்ஃபெஸ்ட்' விழா நடந்தது. வட அமெரிக்கப் பாடகர் கூட்டமைப்பும் அப்போதே பிறந்தது. பாட்டுக்கு நிகராகப் பீரும் ஓடிய கூட்டங்கள் இவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சின்சினாட்டி நகரத்தின் அரங்கக் கதைதான். 1870ஆம் ஆண்டு விழாவுக்காக அங்கே மரத்தால் கட்டிய மண்டபத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். 1875இல் அதே மண்டபத்தில் மே மாத இசைவிழா நடந்துகொண்டிருந்தபோது கொட்டிய மழையின் இரைச்சலில் பாடகர்களின் குரல் அமுங்கிப்போக, நிகழ்ச்சியையே இடையில் நிறுத்த நேர்ந்தது. ரூபன் ஸ்பிரிங்கர் என்னும் செல்வந்தர் பெருந்தொகை கொடுக்க முன்வந்ததால், அதே இடத்தில் 1878இல் செங்கல்லாலான மியூசிக் ஹால் எழுந்தது.

1917இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக முதல் உலகப் போரில் இறங்கியதும் ஜெர்மன் மொழியே சந்தேகத்துக்குரியதாகிவிட, பல சங்கங்கள் ஒடுங்கின. செங்கல் அரங்கில் மட்டும் இன்றும் கச்சேரிகள் நடக்கின்றன.