தென்னை வேர்வாடலுக்கு வரைபடம் போட்டுப் பட்ட பாடு

வரைபடம் போடும் கியூஜிஐஎஸ், அதைக் கைப்பேசியில் தோப்புக்குக் கொண்டுபோகும் கியூஃபீல்டு, படிவம் வைத்துத் தகவல் திரட்டும் கோபோ டூல்பாக்ஸ் ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். இறக்கியது, தமிழிலேயே படிவம் அமைத்தது, கைப்பேசியில் ஏற்றியது எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஆனைமலைப் பக்கம் எங்கள் உழவர் குழுவுக்காக, எந்தெந்தத் தோப்பில் வேர்வாடல் நோய் இருக்கிறது என்று குறிக்கக் கிளம்பிய பிறகுதான் பாடு ஆரம்பித்தது.

முன்பு எடுத்த கணக்கெடுப்பு ஓர் அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். "லெட்டர் பேடுல எழுதிக் கொண்டாங்க" என்றார் எழுத்தர். கொண்டுபோனால் சீல் இல்லை என்றார். சீல் வைத்துக் கொண்டுபோன அன்று அவர் லீவு. ஒருவழியாகக் கிடைத்ததும் அச்சடித்த தாள்தான். பென்டிரைவை நீட்டியதற்கு முறைப்புதான் பதில். சரி என்று ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்து கியூஜிஐஎஸில் திறந்தால், பொள்ளாச்சி வட்டாரத்திலேயே ஒரு புள்ளி இல்லை. படத்தைச் சுருக்கிப் பார்க்கிறேன், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கின்றன எங்கள் தோப்புகள்! அட்சரேகை என்ற தலைப்பின் கீழ் 76.93, தீர்க்கரேகையின் கீழ் 10.58. அவர்கள் தாளிலேயே தலைப்பு மாறிக் கிடந்தது. மாற்றிப் போட்டதும் ஊர் வந்து சேர்ந்தன, ஆனால் ஊரே ஒரே புள்ளியாக. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தோப்பெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். மரத்தைப் பிரித்துக் காட்ட ஐந்து இலக்கமாவது வேண்டும். பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோப்புக்கே போனோம்.

தோப்புக்குள் ஓலை மறைப்பில் ஜிபிஎஸ் துல்லியம் எட்டு, பத்து மீட்டரிலேயே நின்றுவிடும். மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர்தான் என்பதால் புள்ளி பக்கத்து மரத்தில் போய் விழும். படிவத்தில் வரிசை எண், மர எண் என்று இரண்டு கட்டங்களைச் சேருங்கள். ஜிபிஎஸ் சொதப்பினாலும் மரம் தப்பாது. இன்னொன்று, "ஓலை மஞ்சளா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மக்னீசியப் பற்றாக்குறையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். கீற்று விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. போட்டோவும் கட்டாயம்.

ஒரு பெரியவர் வேலி ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். "ஏனுங் தம்பி, நம்ம தோப்புல செவப்புப் புள்ளி விழுந்தா நாளைக்கு நெலத்த எவன் வாங்குவான்?" நியாயமான கேள்வி. கோபோவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற அனுமதியை மூடி, வெளியே காட்டும் படத்தில் ஊர் வாரியாக நிறம் மட்டும் கொடுத்தோம். அதைக் கைப்பேசியில் பார்த்த பிறகு அவரே முன்னால் நடந்து ஒவ்வொரு மரமாகத் தட்டிக் காட்டினார்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை வைத்து வீட்டிலிருந்தே நோயைப் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் கட்டம், அதற்குள் தென்னை, அடியிலுள்ள கோகோ, வாழை, புல் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது என்பார்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அதில் பாதிக்கு மேல் வெறும் மேகம். ஜனவரி, பிப்ரவரி படங்கள் தேவலாம், அதுவும் எந்தத் தோப்புக்கு முதலில் போவது என்று பார்க்க மட்டும்.

வேர்வாடல் என்பது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்பும், பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வரும் நோய். வந்த மரத்தைக் குணமாக்க வழியில்லை. நோய் கண்டு, வருஷத்துக்குப் பத்துக் காய்க்கும் கீழே காய்க்கும் மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்பது பரிந்துரை. அதனால் காய் எண்ணிக்கையையும் கேட்டு வைத்திருந்தோம். கியூஜிஐஎஸில் ஒரு வடிகட்டல் போட்டதும் வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியல் வந்துவிட்டது. அப்புறம், சர்வே எண்ணையும் மறக்காமல் கேளுங்கள். நிவாரணப் பேச்சு வந்தபோது வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள்.